விடுபட்ட பக்கம்

நூலகத்தின் வாயிலில் நின்று, "நீ எந்தக் குலம்?" என்று இன்று கேட்பாரில்லை. "உன் தகப்பன் எழுதப் படிக்கத் தெரிந்தவனா?" என்று வினவுவாரில்லை. செல்வர் வீட்டுச் செருப்பும் ஏழை வீட்டுச் செருப்பும் ஒரே படிக்கட்டின் ஓரத்தில் கிடக்கின்றன. ஏட்டைத் தொடவும் கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தாமே அலமாரியைத் திறந்து, தமக்கு வேண்டிய நூலைத் தாமே எடுக்கின்றனர். அந்தக் காட்சியைக் காணுந்தோறும் நம் நெஞ்சு நிமிர்கிறது. தானாகப் பழுத்து மடியில் விழுந்த கனியல்ல இது. கேட்டுப் பெற்றது, போராடிப் பெற்றது.

அதே நூலகத்துக்கு இன்னொருவர் வருகிறார். அவரையும் எவரும் தடுக்கவில்லை. "வாங்க, வாங்க" என்கின்றனர். கைபிடித்து அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்துகின்றனர். குடிக்கத் தண்ணீர் தருகின்றனர். ஆயிரக்கணக்கான நூல்களின் நடுவே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு, ஒரு வரியும் பெறாமல் அவர் எழுந்து போகிறார். ஏன்? அவருக்குப் பார்வை இல்லை. அங்குள்ள நூல்களுக்கு வாய் இல்லை.

வாயில் திறந்திருக்கிறது, நூல் மூடிக் கிடக்கிறது. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் தோழர்களுடன் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

சீர்காழியில் பிறந்து, நூலகவியலுக்கு உலகம் ஒப்பும் இலக்கணம் வகுத்தவர் எஸ். ஆர். அரங்கநாதன். 1931இல் வெளிவந்த நூலில் அவர் ஐந்து விதிகளை விளக்கினார். நூல் அடுக்கி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தாக வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொருவருக்கும் என்றாரேயன்றி, பார்வையுள்ள ஒவ்வொருவருக்கும் என்றாரில்லை. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. பார்வையற்ற ஒருவர் சொந்தமாகக் குடிசை வைத்திருந்தாலும் அவரிடமும் அந்த வரி பெறப்படுகிறது. வரி வாங்கும் கைக்கு அவர் முழுக் குடிமகன். நூல் கொடுக்கும் கைக்கு மட்டும் அவர் விருந்தாளி! இது எந்த ஊர் நீதி?

சிறு தொகையினரா இவர்கள்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் அதிகம். ஒரு சிறிய நாட்டின் மக்கள்தொகை அது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று பழிபோட நாம் வரவில்லை. 2010இல் சென்னையில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லி நூல்களுக்கும் பேசும் நூல்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 2023இல் மதுரையில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாற்றுத்திறனாளிகளை மறக்கவில்லை. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கோட்டூர்புரத்தில் ஏற்றிய விளக்கின் ஒளி கிராமத்துத் திண்ணை வரை வந்து சேர்ந்ததா என்பதே நம் கேள்வி.

அந்தக் கேள்வியை நம்முள் எழுப்பியவன் ஒரு மாணவன். நாம் ஆசிரியராகப் பணியாற்றும் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறான். விழித்திரை சிறுகச் சிறுக நலிந்து, பத்து வயதில் மாலை நேரத்தில் தடுமாறத் தொடங்கி, பதினைந்து வயதில் பகலிலும் பார்வை இழந்தவன். ஒருநாள் அவனை அழைத்துக்கொண்டு ஒரு நூலகத்துக்குச் சென்றோம். பார்வையற்றோருக்கென்று அங்கே ஓர் அலமாரித் தட்டு இருந்தது. அதில் இருந்தவை என்ன? பக்திப் பாடல் குறுந்தட்டுகள், நீதிக்கதைகள், ஆறுதல் மொழிகள்.

"உனக்கு எது வேண்டும், தம்பி?" என்று கேட்டோம்.

"கண்ணைப் பத்தின புத்தகம் வேணும் ஐயா. கண் எப்படிப் பார்க்குது, எனக்கு ஏன் போச்சு, அது தெரியணும்" என்றான்.

அருகிலிருந்த ஊழியர் நல்லவர், இரக்கமுள்ளவர். நம்மைத் தனியே அழைத்து மெல்லச் சொன்னார்: "பாவம் சார், அந்தப் பையனுக்கு அதெல்லாம் எதுக்கு? மனசுக்கு ஆறுதலா ஏதாவது கேட்கட்டும்."

பாவம்! அந்தச் சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! நம் நாட்டில் அந்த ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பழிக்கவும் பயன்படுகிறது, இரங்கவும் பயன்படுகிறது. "முற்பிறவியில் செய்த பாவம், அதனால் கண் போயிற்று" என்று ஒரு வாய் சொல்கிறது. "பாவம், ஏதாவது கொடுங்கள்" என்று இன்னொரு வாய் சொல்கிறது. இரண்டும் வேறு வேறா? அல்ல. விதி என்ற நாணயத்தின் இரு பக்கங்கள் அவை. ஒருவன் துன்பத்துக்கு அவனுடைய வினையே காரணம் என்றால், அவனுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர். எது கொடுத்தாலும் அது நம் பெருந்தன்மை. நம் கணக்கில் ஏறும் புண்ணியம். புண்ணியம் தேடுவோன் பெறுபவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. தனக்கு எது எளிதோ அதைக் கொடுத்துவிட்டுப் போகிறான். பழைய துணி கொடுப்பான், பழைய சோறு கொடுப்பான், பழைய கதையும் கொடுப்பான்!

ஈகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று நாம் கருதுகிறோம். கொடுக்கப்படும் பொருள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஈகையில் தேர்ந்தெடுப்பவன் கொடுப்பவன். உரிமையில் தேர்ந்தெடுப்பவன் பெறுபவன்.

வரலாற்றைப் பாருங்கள். பாரிசு நகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்த லூயி பிரெய்ல் என்ற இளைஞர், ஆறு புள்ளிகளை வைத்து விரலால் படிக்கும் எழுத்து முறையை உருவாக்கி, 1829இல் நூலாகவும் வெளியிட்டார். மாணவர்கள் அதை அள்ளிப் பருகினர். ஆனால் 1840களில் அந்தப் பள்ளியின் தலைவர், பார்வையுள்ளவர், அம்முறையைத் தடை செய்தார். பிள்ளைகளோ மறைவில் அதையே எழுதினர், அதையே படித்தனர். பிரெய்ல் 1852இல் மறைந்தார். இரண்டாண்டு கழித்தே பிரான்சு அம்முறையை ஏற்றது. தமக்கு எது ஏற்றது என்பதை விரல் அறிந்திருந்தது, அதிகாரம் அறியவில்லை.

பேசும் நூலின் வரலாறு அதற்குப் பின்னது. அமெரிக்கக் காங்கிரசு நூலகம் பார்வையற்றோருக்கு நூல் வழங்க 1931இல் சட்டம் பிறந்தது. 1934 முதல் ஒலித்தட்டுகள் வாசகர்களை அடையலாயின. முதல் உலகப் போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுள் பலர் பிரெய்லி கற்க இயலாது தவித்ததைக் கண்ட பிரிட்டன், 1935இல் பேசும் நூல் பணியைத் தொடங்கியது. அங்கே முதலில் வெளிவந்தவற்றுள் ஒன்று எது தெரியுமா? அகதா கிறிஸ்டியின் துப்பறியும் புதினம்! கொலையாளி யார் என்று குறிப்புகளைக் கோத்துக் கண்டுபிடிக்கும் இன்பம் பார்வையற்றோருக்கும் உண்டு என்று எவரோ உணர்ந்திருக்கின்றனர். அதற்குப் பிறகு ஒரு தலைமுறையல்ல, பல தலைமுறைகள் கடந்துவிட்டன. நம் ஊர் அலமாரித் தட்டில் இன்னும் ஆறுதல் மொழி!

இங்கே சில மறுப்புகள் எழும். அவற்றைத் தட்டிக் கழிக்காமல் எதிர்கொள்வோம்.

"காதால் கேட்பது படிப்பாகுமா?" என்பர் சிலர். தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் தமிழையே மறந்தவர். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். செவியால் பெறும் அறிவுக்குக் கேள்வி என்று பெயர். ஐயம் எழுப்பும் வினாவுக்கும் கேள்வி என்றே பெயர். கேட்டவன் கேட்பான்! அதனால்தானோ என்னவோ, சிலர் அவன் கேட்பதை விரும்புவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவைப்போம்: ஒலிநூல் வந்ததால் பிரெய்லி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. எழுத்துக்கூட்டவும், கணக்குப் போடவும், தன் கையால் எழுதவும் பிரெய்லி வேண்டும். ஒரு கண்ணுக்கு மருந்திட இன்னொரு கண்ணைக் குத்துவது நம் வேலையல்ல.

"வேலையில்லை, வருமானமில்லை, முதலில் சோறு, பிறகன்றோ நூல்?" என்பர் இன்னும் சிலர். இது எள்ளி ஒதுக்கத்தக்க வாதமன்று. ஹெலன் கெல்லர் அம்மையாரே 1930களின் தொடக்கத்தில் இப்படி எண்ணினார். பார்வையற்றோர் ஆயிரக்கணக்கில் வேலையின்றி வாடும்போது பேசும் நூல் ஓர் ஆடம்பரம் என்று கருதி, அதற்காக நிதி கேட்க மறுத்தார். பிறகு 1935இல் மனம் மாறி அதற்காகவே உழைத்தார். கருத்தை மாற்றிக்கொள்வது இழுக்கல்ல. அறிவுடையோர்க்கு அது அழகு. சோறும் நூலும் எதிரிகள் அல்ல என்பதை நம் சமுதாயம் அறியும். நூல் மறுக்கப்பட்டவனிடமிருந்துதான் இங்கே சோறும் பறிக்கப்பட்டது. வேலைக்குத் தேர்வு உண்டு. தேர்வுக்கு நூல் வேண்டும். நூலை மறுத்துவிட்டு, "உனக்குத் தகுதியில்லை" என்றால் அது பழைய சூழ்ச்சியின் புதிய பதிப்பு.

"எழுத்தாளரின் உரிமை என்னாவது?" என்பது மூன்றாவது மறுப்பு. எழுதுவோர் வயிற்றில் அடிக்க நாம் ஒருப்படோம். ஆனால் சட்டம் வழி திறந்து வெகுநாளாயிற்று. 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் இலாப நோக்கின்றி நூலை மாற்றித் தருவது குற்றமாகாது என்று ஆயிற்று. 2013 சூன் 27 அன்று மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் உலக நாடுகள் கூடி இதற்கென்றே ஓர் உடன்படிக்கை கண்டன. அதை முதன்முதலாக உறுதிசெய்து ஒப்பிய நாடு எது? இந்தியா, 2014இல். இருபது நாடுகள் ஒப்பிய பின், 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒன்றிய அரசின் சார்பில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது.

மேலும், தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1949இல் பாரதியின் படைப்புகளைப் பொதுவுடைமை ஆக்கியதில் தொடங்கி, எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. மரபுரிமையர்க்குத் தொகை கொடுத்து, நூலை மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த நூல்களை ஒலியாக்க எவரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. சட்டத் தடை இல்லை, பணத் தடையும் பெரிதாக இல்லை. எஞ்சியிருப்பது மனத் தடை ஒன்றே.

கருவியும் இல்லாமல் இல்லை. திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான என்விடிஏ, 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்களே உருவாக்கத் தொடங்கி, விலையின்றி உலகுக்கு வழங்கியது. எளிய கைப்பேசியும் இன்று தமிழ் படிக்கும். பின் எங்கே தடங்கல்? கண்ணைப் பற்றிய பழைய தமிழ் அறிவியல் நூலொன்றை இணையத்தில் தேடி எடுத்து, நம் மாணவனின் கைப்பேசியில் ஏற்றினோம். கைப்பேசி வாய் திறக்கவில்லை. காரணம், நூலின் பக்கங்களை நிழற்படமாக எடுத்து ஏற்றியிருக்கின்றனர். நம் கண்ணுக்கு அது எழுத்து. கருவிக்கு அது வெறும் படம். தட்டச்சு செய்த எழுத்தாக இருந்திருந்தால் அது மடமடவென்று படித்திருக்கும். காப்பாற்ற எண்ணி ஏற்றிய நூலையே, அறியாமல் பூட்டியும் வைத்திருக்கிறோம்.

சரி, நாமே படிப்போம் என்று முடிவு செய்தோம். மாலைதோறும் அரை மணி நேரம் படித்து ஒலிப்பதிவு செய்தோம். பேசும் நூல்களில் டெய்சி என்ற உலக முறை ஒன்று உண்டு. அதில் வெறும் ஒலி மட்டும் இராது. இயல், தலைப்பு, பக்கம் என்று வேண்டிய இடத்துக்குத் தாவும் வசதி இருக்கும். பக்க எண் இல்லாத பாடநூலைக் கையில் கொடுத்துத் தேர்வுக்குப் படி என்றால் நாம் படிப்போமா? ஆதலால் அந்த அளவுக்கு இயலாவிடினும், பக்கம் மாறும்போதெல்லாம் எண்ணைச் சொல்லிவிட்டுப் படித்தோம்.

62ஆம் பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தைப் பார்த்தோம், குரல் நின்றது. நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்துகொண்டோரின் பிள்ளைகளுக்குப் பரம்பரை விழிநோய்கள் சில வரும் வாய்ப்பு மிகுதி என்று அங்கே விளக்கப்பட்டிருந்தது. அந்த மாணவனின் தாயை மணந்தவர், அவளுடைய சொந்தத் தாய்மாமன். அது நமக்குத் தெரியும். "இதைக் கேட்டால் பிள்ளை மனம் நோகுமே, பெற்றோரை வெறுப்பானே" என்று எண்ணினோம். பக்கத்தைத் தள்ளிவிட்டு 64ஆம் பக்கத்தைப் படித்தோம்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவன் வந்து நின்றான். "ஐயா, 62க்கு அப்புறம் 64 சொன்னீங்க. நடுவிலே ஒரு பக்கம் விட்டுப்போச்சா? விட்டுட்டீங்களா?"

அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல நா எழவில்லை நமக்கு. அந்த ஊழியரின் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டுக் கொதித்தோமே, அதையே நாமும் செய்திருக்கிறோம்! அவர் அலமாரியைத் தேர்ந்தெடுத்தார். நாம் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். அவர் செயல் இரக்கம் என்றால் நம் செயலும் இரக்கம்; அவர் செயல் தவறு என்றால் நம் செயல் அதைவிடப் பெருந்தவறு. பகுத்தறிவு பேசும் நாவு, உண்மையைப் படிக்கும் இடத்தில் ஊமையாயிற்று. பிறருக்காக நாம் படிக்கும்போது, நமக்குத் தெரியாமலே அவர்தம் கல்விக்கு நாம் காவலர்களாகி விடுகிறோம். எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று தீர்மானிக்கும் அந்த இருக்கை இனிமையான இருக்கை. அதில் வைதிகரும் அமரலாம். அயர்ந்தால் நாமும் அமர்ந்துவிடுவோம்.

தவற்றை ஒப்புக்கொண்டு, 63ஆம் பக்கத்தை அவன் முன்னிலையிலேயே படித்தோம். அமைதியாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "அப்போ இது பாவம் இல்ல ஐயா, காரணம். யாரும் தெரிஞ்சு செய்யல." சற்று நேரம் கழித்து, "அக்காவுக்கும் மாமனைத்தான் பேசிக்கிட்டிருக்காங்க. இதை வீட்டிலே போட்டுக் காட்டலாமா?" என்றான்.

போட்டுக் காட்டினான். வீட்டார் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கின்றனர். அவனைக் காப்பதாக எண்ணி நாம் மறைத்த பக்கம், அவன் தன் அக்காளைக் காக்க வேண்டியிருந்த பக்கம். இரக்கத்தால் ஒன்றை மறைப்பவன் எதை மறைக்கிறான் என்பது அவனுக்கே தெரிவதில்லை.

ஆகவே தோழர்களே, என்ன செய்ய வேண்டும்?

நூலகங்கள் முதலில் கேட்கட்டும். பார்வையற்ற வாசகர் எவர், அவர் விரும்பும் நூல் எது என்று ஏடு ஒன்றில் பதியட்டும். அந்தப் பட்டியலைக் கொண்டே ஒலிநூல் ஆக்கட்டும். நாட்டுடைமை நூல்களைப் படமாக அன்றி எழுத்தாக இணையத்தில் ஏற்ற அரசு முன்வரட்டும். நூலக ஆணை பெற்று அரசுக்கு நூல் விற்கும் பதிப்பாளர், அச்சுப் படிகளோடு எழுத்துக்கோப்பு ஒன்றையும் தர வேண்டும் என்று விதி வரட்டும். அச்சுக்குப் போகுமுன் எந்த நூலும் கணினியில் எழுத்தாகத்தானே இருக்கிறது! அதைக் கொடுப்பதில் எவருக்கும் இழப்பில்லை. அது பார்வையற்ற வாசகருக்கு மட்டும் பயன்படுமாறு காப்பது நூலகத்தின் பொறுப்பாகட்டும். நம் படிப்பகங்களும், நம் ஏடுகளும் இதில் விலக்கல்ல. ஊருக்கு உரைப்பதை முதலில் வீட்டில் செய்வோம்.

குரல் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கொடுக்கட்டும்; வரவேற்கிறோம். ஆனால் நூலைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வேலையன்று. கேட்கப்பட்ட நூலை, அட்டை முதல் அட்டை வரை, பக்கம் விடாமல் படிப்பதே அவர்கள் வேலை.

இது எளிதென்று எண்ணிவிட வேண்டாம். கண்ணைப் பற்றிய நூல் முடிந்ததும், "அடுத்தது எது வேண்டும், தம்பி?" என்று கேட்டோம். எதைச் சொல்வான் என்று நமக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நம் கருத்துக்கேற்ற நூல்கள் நான்கைந்தை மேசைமேல் எடுத்தும் வைத்திருந்தோம்.

"கம்பராமாயணம் ஐயா" என்றான்.

ஒரு கணம் தயங்கினோம், மறைக்கவில்லை. நம் முகத்தை அவன் காணவில்லை. ஆனால் நம் மௌனத்தைக் கேட்டிருப்பான். "ஏன் ஐயா, அதை எல்லாரும் திட்டுறாங்க, எல்லாரும் புகழ்றாங்க. என்னதான் இருக்குன்னு நானே தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றான்.

வேண்டும். ஏற்பதற்கும் அவனே படிக்க வேண்டும். மறுப்பதற்கும் அவனே படிக்க வேண்டும். எடுத்து வைத்த நூல்களை ஓரமாக ஒதுக்கினோம். படித்து முடித்தபின் அவனோடு வாதிட நமக்கு நேரம் இருக்கிறது. இப்போது பாலகாண்டம் நடக்கிறது. பக்கம் விடாமல் படித்து வருகிறோம்.